மலையகப் பாடசாலையில் மன்றமும் கழகமும் எதற்கு?

2025 பெப்ரவரி 11, மாலை
கேட்டவர்: நோர்வூட் பக்கத்துத் தகப்பன் ஒருவர்

மகள் தரம் 12, விஞ்ஞானப் பிரிவு. தமிழ் மன்றத்தில் செயலாளராக நிற்கப் போகிறேன் என்று வந்து சொல்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற இசட் புள்ளிக்கு இதில் ஒரு மார்க்கும் சேராது. நம்ம பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே வழி பரீட்சை. மன்றம், சாரணர், பாண்ட் வாத்தியக் குழு எல்லாம் டவுன் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. தோட்டத்துப் பிள்ளைக்கு இதனால் என்ன லாபம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரி 11, இரவு

ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். மன்றத்துக்குப் பொறுப்பாசிரியரும் நான்தான்.

மார்க்கைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது இசட் புள்ளியைப் பார்த்து. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் சேர்ந்தவை. இந்தக் கணக்கில் எங்கேயும் சாரணர் பட்டிக்கு இடம் இல்லை. தேசிய மட்டத்தில் விளையாட்டிலோ கலையிலோ சாதித்தவர்களுக்குத் தனியாகச் சில இடங்கள் உண்டு, அது மிகச் சிலருக்கு. அதை நம்பி யாரும் மன்றத்தில் சேர வேண்டாம்.

ஆனால் உயர்தரம் எழுதுகிற எல்லாரும் பல்கலைக்கழகம் போவதில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு நேர்முகத்துக்குப் போகிற பிள்ளை கையில் ஒரு சான்றிதழ்க் கோப்போடுதான் போகிறது. வங்கி, காப்புறுதி, கொழும்புக் கம்பனி, எங்கே போனாலும் "ஸ்கூலில் என்ன பொறுப்பில் இருந்தீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மகள் நிற்கட்டும்.

2025 பெப்ரவரி 12, போயா

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். சான்றிதழை முன்னுக்கு வைத்துப் பேசினால் விஷயம் அதோடு நின்றுவிடுகிறது. கோப்பு தடிப்பதற்காக மன்றம் நடத்துவது என்றால் நானே வேண்டாம் என்பேன்.

செயலாளர் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். கூட்டத்துக்கு முன்னால் நிகழ்ச்சி நிரல் எழுதுகிறாள். போன கூட்ட அறிக்கையை எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று வாசிக்கிறாள். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று ஒருவன் எழும்புவான். அதைத் திருத்த வேண்டும். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்து அறிக்கை ஏற்கப்படும் வரைக்கும் அவள் நிற்க வேண்டும். அப்புறம் முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டு, என்ன முடிவு, எவ்வளவு காசு, யார் பொறுப்பு என்று அரைப் பக்கத்தில் எழுத வேண்டும். இதை எந்தப் பாடத்திலும் நாங்கள் படிப்பிப்பதில்லை.

தோட்டத்தில் இது எதற்கு என்று கேட்கிறீர்கள். கோயில் கமிட்டி, மாதர் சங்கம், சாவு வீட்டுச் செலவுக்கு உதவுகிற மரணாதார சங்கம், தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டி, எல்லாமே கூட்டமும் கணக்கும் கடிதமும்தான். எழுதத் தெரிந்த ஒருவர் கையில் புத்தகம் இருக்கும். அவர் எழுதியதுதான் முடிவு, அவர் சொன்னதுதான் கணக்கு. மற்றவர்கள் சந்தாவைக் கட்டிவிட்டு வருவார்கள். பெண்கள் பேசுவது புத்தகத்தில் ஏறுவதே இல்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இரண்டு வருசம் எங்கள் மன்றத்தில் செயலாளராக இருந்தவள். இப்போது அவளுடைய தோட்டத்து மரணாதார சங்கத்தின் புத்தகம் அவள் கையில் இருக்கிறது. முதல் கூட்டத்தில் வரவு செலவைச் சத்தமாக வாசித்தபோது ஒரு பெரியவர், "ஏன் புள்ள இதெல்லாம் வாசிக்கிற, எங்களுக்குத் தெரியாதா?" என்றாராம். "தெரியும் தாத்தா, பொம்பளைங்களுக்கும் தெரியட்டும்னுதான்" என்றாளாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிப்பு நடக்கிறது.

நீங்கள் கேட்ட லாபத்துக்கு என் பதில் இதுதான்.

2025 பெப்ரவரி 15

"மிஸ், எங்க ஸ்கூலில் பன்னிரண்டு மன்றம் இருக்கு, எல்லாம் பேப்பரில்" என்று பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். நம்புகிறேன். நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் முதல் நாள் இரவு கோப்புகள் பிறக்கும். நடக்காத கூட்டத்துக்கு அறிக்கை, வராத பிள்ளைக்குக் கையெழுத்து. எழுத்து அழகாக இருக்கிற பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து எழுத விடுவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொய்க் கணக்கு எழுதப் பழக்குவதை விட மோசமான புறக்கிருத்தியம் இருக்க முடியாது. இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வேண்டாம். மூன்று போதும், உண்மையாக நடந்தால்.

2025 பெப்ரவரி 16

முதல் கேள்வியில் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டோம்: "டவுன் பிள்ளைகளின் பொழுதுபோக்கு." எல்லாரும் இதை விருப்பம் சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறார்கள். எனக்கு இது பஸ் சம்பந்தப்பட்டதாகத்தான் தெரிகிறது.

எங்கள் பாடசாலை 1.30க்கு விடும். மன்றம், சாரணர், பாண்ட் எல்லாம் 2 மணிக்குத்தான் தொடங்கும். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசன் பக்கம் போகிற பஸ்ஸும் 2 மணிக்குத்தான். அதை விட்டால் அடுத்தது 5.30. மழை என்றால் அதுவும் சந்தேகம். 5.30 பஸ்ஸில் போய் இறங்குகிற பிள்ளை சந்தியிலிருந்து லயம் என்கிற தோட்ட வரிசை வீடுகள் வரை தேயிலைக்குள் நடக்க வேண்டும். மிஸ்ட் இறங்கியிருக்கும். இந்தப் பக்கத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. எந்தத் தாய் தன் பெண் பிள்ளையை நிற்க விடுவாள்?

ஆக, 2 மணிக்கு மிஞ்சுவது யார்? டவுனில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், ஆசிரியர் பிள்ளைகள், ரோட்டோரம் வீடு இருப்பவர்கள். பொறுப்பெல்லாம் அவர்களுக்கே போகும். வருசக் கடைசியில் பரிசளிப்பில் அதே முகங்கள் மேடைக்கு ஏறும். கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளை தனக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்துவிடும்.

இந்த வருசம் மன்றங்களின் நிர்வாகப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்த பஸ் என்று எழுதிப் பார்த்தேன். மேல் டிவிசன் பஸ்ஸில் ஏறுகிற ஒரு பிள்ளை கூட இல்லை. மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் இதைச் செய்து பாருங்கள். ஒரு பாடவேளை போதும்.

2025 பெப்ரவரி 17

"விருப்பம் இருந்தால் எப்படியும் வருவார்கள்" என்று ஒருவர். ஐயா, 5.30 பஸ்ஸில் ஒரு கிழமை போய் வந்துவிட்டு எழுதுங்கள்.

2025 பெப்ரவரி 23

சாரணியம் கொழும்புப் பெரிய பாடசாலைகளில் தொடங்கி மெல்ல மெல்ல மலைக்கு ஏறியது என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லை அண்ணே. இலங்கையில் முதல் சாரணர் குழு 1912இல் மாத்தளையில் தொடங்கியது, கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில். பெண் சாரணியம் 1917இல் கண்டியில். இரண்டுமே மலைநாட்டில் பிறந்தவை. தோட்டத்து லயங்களுக்கு அவை வந்து சேர எவ்வளவு காலம் ஆனது என்பது வேறு கதை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். அதற்கு முன்னால் பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அங்கே எந்தக் கழகம்?

முத்தையா முரளிதரனையும் சிலர் இழுத்திருக்கிறீர்கள், "மலையகத்திலிருந்து வரவில்லையா?" என்று. வந்தார், எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் படித்தது கண்டி நகரத்தில், புனித அந்தோனியார் கல்லூரியில். மித வேகம் போட்டுக்கொண்டிருந்த பையனை 14 வயதில் சுழலுக்கு மாறச் சொன்ன பயிற்சியாளர் ஒருவர் மைதானத்தில் இருந்தார். மைதானம் இருந்தது, மாலையில் பார்க்க ஆள் இருந்தார், பையனால் அங்கே நிற்க முடிந்தது. மூன்றும் இல்லாத இடத்தில் இன்னொரு முரளி 2 மணி பஸ்ஸில் ஏறிப் போயிருப்பான். எங்களுக்குத் தெரிய வந்திருக்காது.

2025 மார்ச் 2

செலவைப் பற்றி ஒரு தாய் எழுதியதை வாசித்தேன். 2025 தொடக்கத்தில் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதுவும் பேர், அதாவது ஒரு நாள் வேலைக்கணக்கு, முழுதாக விழுந்தால். சாரணர் உடுப்பு, தொப்பி, கழுத்துப்பட்டி, இடுப்புப்பட்டி, சப்பாத்து. பாண்ட் என்றால் அதற்கு வேறு உடுப்பு, வேறு சப்பாத்து. பாசறைக்குக் காசு. கூட்டம் என்று பெற்றோரைக் கூப்பிட்டால் அன்றைக்கு அரைப்பேர் போய்விடும். அந்தத் தாய் கணக்குப் பார்க்கிறார் என்றால் அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை.

உடுப்பைப் பாடசாலைச் சொத்தாக வைத்திருக்கலாம். வருகிற பிள்ளை போட்டுக்கொள்ளும், போகிற பிள்ளை கழுவிக் கொடுத்துவிட்டுப் போகும். பழைய மாணவர் சங்கம் வரவேற்பு வளைவுக்குச் செலவழிப்பதை ஒரு வருசம் நிறுத்தினால் ஒரு குழுவுக்கு உடுப்பு வாங்கலாம். இதைச் சொல்லி நான் சிலரிடம் பேச்சு வாங்கியதும் உண்டு. திரும்பவும் சொல்வேன்.

காசு கேட்காத கழகங்களும் இருக்கின்றன. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடிப் படையணி அப்படி ஒன்று. எங்கள் பிள்ளைகள் போன வருசம் லயத்துக் கானிலிருந்து, அதாவது வடிகாலிலிருந்து, தொடங்கித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். கான் ஓடையில் விழுகிறது, ஓடை கெஹெல்கமு ஓயாவில் சேர்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து களனி கங்கை, களனியிலிருந்து கொழும்புக்காரர்களின் குழாய். "அப்ப மிஸ், நாங்க கழுவுற தண்ணியையா அவங்க குடிக்கிறாங்க?" என்று ஒருவன் கேட்டான். சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள் என்று விளங்கப்படுத்துவதற்குள் வகுப்பே சிரித்து முடித்துவிட்டது. ஆனால் அடுத்த கிழமை அந்தக் கான் ஓரத்தில் குப்பை கொட்டாதீர்கள் என்று அவர்களே பலகை எழுதி வைத்தார்கள். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிப் பாதையில் பிளாஸ்டிக் பொறுக்கவும் இதே பிள்ளைகள்தான் வந்தார்கள்.

அவர்கள் மரக்கன்று நட்டதும் நடந்தது. மாதக் கடைசி அறிக்கையில் செயலாளர் எழுதியது: "நட்ட கன்றுகளில் பெரும்பகுதியைப் பக்கத்து வீட்டு ஆடு சாப்பிட்டது. அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது." உண்மையான மன்றப் புத்தகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நான் எந்தக் குழுவுக்கும் பெருமையோடு காட்டுவேன்.

2025 மார்ச் 9

மாசி என்பதால் எங்கள் பக்கத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. நேற்று இரவு போயிருந்தேன். ரதியும் மதனும் லயத்து முற்றத்தில் ஆடிக்கொண்டிருக்க, தப்பு என்கிற பறையை அடித்தவரைப் பார்த்தால் எங்கள் தரம் 9 பிள்ளை ஒருத்தியின் தாத்தா. விடிய விடிய அடித்தார். பாட்டு ஒன்றையும் அவர் பார்த்துப் படிக்கவில்லை.

தமிழ் மொழித் தினப் போட்டிக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? நாட்டார் நடனம் என்று போட்டிருக்கும். யூடியூப்பில் ஏதாவது ஒரு வீடியோவைப் பார்த்து, வாடகைக்கு உடுப்பு எடுத்து, பாட்டைப் பென் டிரைவில் போட்டு, கோட்ட மட்டம், வலய மட்டம் என்று கொண்டு போகிறோம். காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கின்றன. மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நாட்டார் கலையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாத்தாவைக் கூப்பிட்டு மன்றத்தில் படிப்பிக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், "தப்பு ஸ்கூலுக்குள்ளேயா?" என்றார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாண்ட் டிரம்முக்கு இடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன அணிவகுப்புக்கு இடம் இருக்கிறது. இந்த மலைக்கு வரும்போது நம் பாட்டன்மார் தங்களோடு கொண்டு வந்த தோல் வாத்தியத்துக்கு மட்டும் வாசலில் நிற்க வைத்துக் கேள்வி.

2025 மார்ச் 10

நேற்றைய குறிப்புக்குக் கோபமாக வந்த பதில்களை வாசித்தேன். "சாவு வீட்டுக் கொட்டு" என்று எழுதியவருக்கு: கோயில் திருவிழாவில் அடிப்பதும் அதே கைதான், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்த காலமும் இருந்தது. "பிள்ளைகளை முன்னேற விடாமல் பின்னுக்கு இழுக்கிறீர்கள்" என்றவருக்கு: அந்தத் தரம் 9 பிள்ளை தன் தாத்தா என்ன செய்கிறார் என்று வகுப்பில் சொல்ல வெட்கப்படுகிறாள். அந்த வெட்கத்தோடு அவள் எங்கே முன்னேறுவாள்? எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை.

இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

2025 மார்ச் 28

சாதாரண தரப் பரீட்சை முடிந்துவிட்டது. மண்டபம் திரும்பக் கிடைத்தது. அதிபரிடம் பேசியிருக்கிறேன். விவரம் பிறகு.

2025 மே 20

கேட்டவர்களுக்காக விவரம்.

வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளையும் தரம் 9க்கு மேலே மன்ற நேரமாக ஆக்கியிருக்கிறோம். 1.30க்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும், எல்லாரும் 2 மணி பஸ்ஸில் ஏறலாம். கணித ஆசிரியர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடு தெரிந்தவர்களுக்கு ஒரு பாடவேளை எவ்வளவு பெரிது என்று தெரியும். கடைசியில் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை என்று முடிவானது. அவர் கேட்ட ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: கணித மன்றமும் அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும், அதை அவரே நடத்துவார். நடத்துகிறார். பிள்ளைகள் கொழுந்து நிறுக்கிற கணக்கையும் சம்பளச் சீட்டையும் கொண்டு வந்து போடுகிறார்கள். எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு, ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தாயின் சீட்டை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது எங்களிடம் இருக்கிறார்கள். எனக்கே இது தோன்றவில்லை, முழுப் பாராட்டும் அவருக்கு.

தமிழ் மன்ற நிர்வாகத்தில் இந்த முறை தலைவர் மேல் டிவிசன் பையன். கூட்டத்தில் முதல் முறை எழும்பியபோது குரலே வரவில்லை. இரண்டாவது கூட்டத்தில் வந்தது. மூன்றாவதில் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

தப்பு இன்னும் உள்ளே வரவில்லை. தாத்தா வருவதற்குச் சம்மதித்துவிட்டார், "எனக்குப் பாட நோட்டு எல்லாம் எழுதத் தெரியாது மிஸ்" என்று மட்டும் சொன்னார். மாணவிகளே பாட்டை எழுதியெடுக்கட்டும் என்று இருக்கிறேன். அதிபர் எழுத்தில் கேட்டிருக்கிறார், எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

2025 மே 21

நோர்வூட் தகப்பன் திரும்ப எழுதியிருக்கிறார். மகள் செயலாளர் ஆகிவிட்டாளாம், ஆனால் ராத்திரி பதினொரு மணி வரை அறிக்கை எழுதுகிறாள், படிப்பு கெடுகிறது என்கிறார். அது மன்றத்தின் குறை, பிள்ளையின் குறை இல்லை. அறிக்கை கூட்டத்திலேயே எழுதி முடிய வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போகிற வேலையாக அதை ஆக்குவது பொறுப்பாசிரியரின் பிழை. அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். தரம் 13க்கு வந்தவுடன் பொறுப்பைக் கீழே உள்ளவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதும் எங்கள் மன்ற விதி. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் யாரையும் மேடையில் ஏற்றாதீர்கள்.

2025 ஜூன் 8

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டது. போன வியாழன் மண்டபத்துத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் விவாதம் நடத்த முடியவில்லை. பிள்ளைகள் தங்கள் வாதங்களைக் கரும்பலகையில் எழுதிப் பதில் கொடுத்தார்கள். பேசக் கூச்சப்படுகிற இரண்டு பிள்ளைகள் அதில் நன்றாக வந்தார்கள். மழை இல்லாத நாளிலும் செய்து பார்க்கப் போகிறோம்.

சாரணரையும் பாண்டையும் இரண்டு பாடவேளைக்குள் அடைக்க முடியவில்லை. அவற்றுக்குத் திறந்த மைதானமும் நீண்ட நேரமும் வேண்டும். அதற்கு 3.30க்கு ஒரு பஸ் வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மேல் டிவிசன் பாதைக்குக் கிழமையில் இரண்டு நாளாவது 3.30க்கு பஸ் விடச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். எழுதியது பிள்ளைகள், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பாதையில் இருக்கிற மற்ற இரண்டு பாடசாலைகளின் பெற்றோரும் சேர்ந்தால் மனுவுக்குக் கனம் கூடும். வாசிக்கிறவர்களில் அந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தால், உங்கள் டிவிசனிலிருந்து எத்தனை பிள்ளைகள், எந்த பஸ், எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்கிறார்கள் என்று எழுதி, அடுத்த வெள்ளிக்கு முன் பாடசாலை அலுவலகத்தில் கொடுங்கள்.